ஏழு ஆண்டுகள் சென்றன

பத்தாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு.
நாற்பத்து மூன்று பேர், பதினோரு புத்தகம்.
போன நவம்பர்ப் புயலில் நனைந்து
கருவாடாய் விறைத்தவை.
பறந்துபோன கூரைத் தகட்டுக்குப் பதில்
பழைய தேர்தல் பதாகை.
வேட்பாளர் மேலே குப்புறப் படுத்து
எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கரும்பலகையில் எழுதுகிறேன்:
அத்தியாயம் பதினேழு.
இன்றைய விழுமியம்: விடாமுயற்சி.

கதை இதுதான்.
ஸ்பானியர் காலத்து மணிலா.
மருந்துக்கடையில் சீசா கழுவும் பையன்
ஒட்டிய சீட்டுகளை நகத்தால் சுரண்டுமுன்
ஒவ்வொன்றாய்ப் படித்தே லத்தீன் கற்கிறான்.
கல்லூரிக் காவலாளி அவன் காலைப் பார்க்கிறான்.
செருப்பில்லை.
திரும்புகிறான். மறுநாளும் வருகிறான்.
அப்புறம் ஒரே ஒரு வரி:
‘ஏழு ஆண்டுகள் சென்றன.’
அடுத்த பத்தியில் அவன் டாக்டர்.

கடைசி வரிசையில் ஒரு கை.
விடியுமுன் மீன்துறையில் கூடை தூக்கும்
ரொடெலிட்டோவின் கை.
“மேம், அந்த ஏழு வருஷம் எங்கே?
பக்கம் ஒட்டிக்கிட்டதா?”

பிரித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.
எழுதியவரே தாண்டியிருக்கிறார்,
கால்சட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு
சேற்றைத் தாண்டுகிறவர் போல.

மணியடிக்க இருபது நிமிடம்.
அச்சடித்த வினாத்தாளைப் பைக்குள் வைத்தேன்.
“நீங்களே எழுதுங்கள்.
தகாலோக் வேண்டாம்,
வீட்டில் திட்டுகிற வாராயில் எழுதுங்கள்.”
எத்தனை வரி என்று
அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

சீசாக் காரத்தில் விரல் வெடித்திருக்கும்,
சோற்றை இடக்கையால் தின்றிருப்பான் என்றது ஒரு தாள்.
இரண்டாம் வருஷம் ஃபெயில், மூன்றாம் வருஷமும் ஃபெயில்,
நாவலாசிரியர் நல்லவர், வெளியே சொல்லவில்லை
என்றது இன்னொன்று.
ஜோவிலின் எழுதியிருந்தாள்:
‘அந்த ஏழு வருஷமும்
அவன் அம்மா குவைத்தில் இருந்திருப்பாள்.’
பக்கத்தில் எட்டிப் படித்தவர்கள் சிரித்தார்கள்,
ஸ்பானியர் காலத்தில் ஏது குவைத் என்று.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மாரிவிக் அவனுக்கு ஒரு தங்கையைக் கொடுத்தாள்:
‘படிப்பை நிறுத்தியவள் அவள்.
புத்தகம் பெயர் வைக்க மறந்துவிட்டது.
நான் வைக்கிறேன், இசாங்.’

ரொடெலிட்டோவின் தாள் வெற்றுத் தாள்.
அதன்மேல் கன்னம் வைத்து உறங்கிப் போனான்.
மணி அடித்ததும் எழுந்து,
கோடு விழுந்த முகத்தோடு
வெட்கப்பட்டு நீட்டினான்.

இரவு திருத்துகிறேன். மின்சாரம் இல்லை.
பதிவேட்டில் விடாமுயற்சிக்கென்றே ஒரு கட்டம்,
பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும்.
நாற்பத்திரண்டு பேருக்குப் போட்டாயிற்று.
அவன் தாளை மெழுகுவர்த்தியருகே பிடித்தேன்.
எழுத்தில்லை. ஓர் ஓரமாய்
மீன்செதில் ஒன்று ஒட்டி மின்னியது.

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
வரவில்லை.