நூறு வீதம்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் முற்றத்தில்
ஓசிக் கரண்ட் கிடைத்தது.
யார்தான் விடுவார்கள்?
உள்ளே கல்யாணம். என் சவாரிக்காரர்கள்
பாயாசத்துக்கு வந்து சேரும்வரை
காரும் சாப்பிட்டது.
நூறு.
லீசிங்கில் எடுத்த நாளிலிருந்து
அந்த எண்ணை நான் கண்டதில்லை.
படம் பிடித்துப் பூங்காவனத்துக்கு அனுப்பினேன்.

லபுக்கலை தாண்டிச் சரிவு தொடங்கியதும்
வழக்கம்போல் காலை எடுத்தேன்.

வழக்கம் என்றால் இது:
காலை எடுத்ததும் மோட்டர் கட்சி மாறும்.
அதுவரை சில்லைச் சுற்றியதைச்
சில்லு சுற்றத் தொடங்கும்.
யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்ததுபோல்
கார் நிதானிக்கும்.
திரையில் பச்சை வட்டங்கள் ஏறும்.
எழுபத்தொன்றோடு இறங்கினால்
தவலந்தென்னைச் சந்தியில் எழுபத்தெட்டு.
மலை தரும் கைக்காசு.

அன்று யாரும் சட்டையைப் பிடிக்கவில்லை.
வட்டங்கள் எல்லாம் வெறும் ஓட்டை.
வயிறு முட்டத் தின்றவன்
இலையை மடித்துவிட்டு எழுந்ததுபோல்
பற்றரி இருந்தது.
மழை. கொண்டை ஊசி. முன்னால்
கரட் மூட்டை ஏற்றிய லொறி.

மிதித்தேன்.
ஒரு வருடமாய் வேலையில்லாமல் கிடந்த இரும்பு
துருவை உதிர்த்துக்கொண்டு வந்து கடித்தது.
கத்தியது.
“என்ன தம்பி சத்தம்?” பின்சீட்டுப் பட்டுச்சேலை.
“பிரேக் அக்கா.”
“அதுக்கு ஏன் இப்படிக் கத்துது?”
“தூக்கத்துல எழுப்பிட்டேன்.”

றம்பொடையில் நிறுத்தினேன்.
அருவி காட்டத்தான் என்று நினைத்து
செல்பி எடுக்க இறங்கினார்கள்.
நான் சில்லருகே குந்தினேன்.
கருகிய வாசம். தூறல் விழுந்து
ஸ்ஸ் என்றது.
வாங்கிக்கொள்ள ஆளில்லாத ஓர் இறக்கம் முழுவதும்
நாலு தட்டில் சூடாக நின்றது.
அந்தத் தண்ணியும் கொத்மலைக்குப் போய்த்தான் கரண்டாகிறது.
நிறைந்தால் அணைக்கு வான்கதவு உண்டு.

கம்பளையில் ரிஸ்மி கம்பியூட்டரைக் குத்திப் பார்த்தான்.
“பேட் தேயவே இல்ல அண்ணன், துருதான்.
மேலருந்து எறங்கப் போறண்டா
எம்பதுக்கு மேல ஏத்தாதீங்க. எடம் வைக்கோணும்.”
“எடம் வச்சா எல்லாம் திரும்பி வருமா?”
“எங்க! பத்துக்கு ஆறு வந்தா பெரிய காரியம்.”

இரவு பூங்காவனத்திடம் சொன்னேன்.
கறை போகாத விரலால் ரொட்டியைப் பிய்த்தபடி
கணக்குப் போட்டாள்.
“பத்துல நாலு கழிக்குதா?
எங்க தராசுல ரெண்டுதான்.
அதையும் ஈரம்னு எழுதுறான்.
ஒங்க கார் என்னான்னு எழுதுது?”
“எழுதாது. சுடும்.”
“அந்த மட்டுக்கும் நேர்மைதான்” என்றாள்.

அடுத்த வெள்ளி, அதே முற்றம்.
எழுபத்தொன்பதில் வயரைப் பிடுங்கினேன்.
ஓசியைப் பாதியில் விடும் பைத்தியத்தை
வாட்ச்சர் குடைக்குள்ளிருந்து பார்த்தான்.

லபுக்கலையில் வட்டங்கள் பச்சையாய் ஏறின.
பாதை வெறிச்சோடிக் கிடந்தது.
தேவையே இல்லாமல் ஒருமுறை
பெடலை ஆழ மிதித்தேன்.
கரகரவென்று ஒரு குரல் அடியிலிருந்து.

சும்மா.
பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல்.