முகப்பில் ஒரு சதுரம்

மிரேயா கார்க்கமோவின் போனில் இடமில்லை.
பதினாறு ஜிபி. பாதி போனுக்கே போய்விட்டது.
மீதியில் மகன் உலிசெஸ் அனுப்பிய குரல்கள்,
தெற்கே சால்மன் படகிலிருந்து
காற்றுக்கு மேல் கத்திக் கத்தி அனுப்பியவை.
பாதிக்கு மேல்
"அம்மா, கேட்கிறதா?" என்பதோடு நின்றுவிடும்.

ஆப் கடையில் கிடைத்த கடல்வற்றுச் செயலி
இருநூற்றுப் பன்னிரண்டு எம்பி கேட்டது.
தொடர்பு எண்களைப் பார்க்கணும் என்றது.
மைக்கைத் திறக்கணும் என்றது.
"தண்ணீர் எப்போது இறங்கும் என்று சொல்ல
என் அக்கா நம்பர் இதற்கு எதற்கு?"
ஐஸ் ஆலையின் ஜன்னல் வழியே
அவள் கேட்டது என்னிடம்.
நான் கணக்கு எழுதுகிறவன், நிவால்டோ.
பதில் இல்லை, ஒரு பழைய லேப்டாப் இருந்தது.

கெல்யோனில் மழை பெய்யும் இரவுகளில்
(எல்லா இரவுகளிலும் என்று படிக்கவும்)
விறகடுப்பருகே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன்.
கடைக்குக் கொண்டுபோகவில்லை.
அந்த வாசலில் கட்டணம், அடையாள அட்டை,
பிறகு முகம் தெரியாத யாரோ ஒருவரின் சம்மதம்.
ஒரு சுட்டி போதும், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"முகப்புத் திரையில் சேர்" என்பதைத் தொட்டாள்.
நீலச் சதுரம் ஒன்று வந்து உட்கார்ந்தது.
"இறங்கிவிட்டதா?"
"இறங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.
உங்கள் நாயின் ஒரு போட்டோவைவிடச் சின்னது."
"அப்படியென்றால் இது எங்கே இருக்கிறது?"
"கொஞ்சம் இங்கே. கொஞ்சம் வேறெங்கோ."
"என் புருஷனைப் பற்றிக் கேட்டால்
நானும் இதையேதான் சொல்வேன்" என்று போய்விட்டாள்.

வெளித்தீவின் கரையில் சிக்னல் கிடையாது.
மூடுபனி, முழங்கால்வரை சேறு.
சதுரத்தைத் தொட்டாளாம், திறந்ததாம்.
கடைசி வற்று ஐந்து நாற்பத்திரண்டு.
சொன்ன நேரத்துக்குக் கடல் விலகியது.
(அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை,
ஆனாலும் அன்று இரண்டு ரொட்டி அதிகம் தின்றேன்.)

பிறகு ஒரு சின்னப் பெட்டியும் சேர்த்தேன்,
அன்றன்று பறித்த பாசியின் எடையைக் குறித்துவைக்க.
தொண்ணூற்றொரு நாள் குறித்தாள்.
ஈர விரலால், சில நாள் மூக்கு நுனியால்.

பிப்ரவரியில் போன் கேட்டது:
இடம் குறைவு, சுத்தம் செய்யவா?
மகனின் குரலுக்கு இடம் வேண்டும் என்று
ஆம் என்றாள்.
போன் குரல்களைத் தொடவில்லை.
என் சதுரத்தின் நினைவைத்தான் துடைத்தெடுத்தது.
சதுரம் அப்படியே. வற்று நேரம் அப்படியே.
எடை: பூஜ்யம்.

வியாபாரி எவரிஸ்டோ தன் நோட்டோடு வந்தான்.
ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ என்றான்.
ஆயிரத்து முன்னூறுக்குக் குறையாது என்றாள்.
அவன் கையில் நோட்டு இருந்தது.

ஜன்னலுக்கு வந்தாள். கத்தவில்லை.
"இறங்க ஒன்றும் இல்லை என்றாயே,
போகும்போதும்
படி தட்டவில்லை, பார்."

நீங்கள் கடையில் போட்டிருந்தாலும்
போன் கடலில் விழுந்தால் இதே கதிதான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
உண்மைதான். ஆனால்
அவள் போன் கடலில் விழவில்லை.

அன்றிரவு நாற்பது வரி எழுதினேன்.
சிக்னல் கிடைத்ததும் எடையின் ஒரு நகல்
ஆலைக் கணினிக்கு வரும்.
இன்னொன்று அவள் எண்ணுக்கே
செய்தியாகப் போகும்.
யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை.
விடிவதற்குள் அது அங்கே இருந்தது.

காலையில் திறந்தாள். பழைய பக்கம்.
"மூடிவிட்டு இன்னொரு முறை திறங்கள்" என்றேன்.
"ஏன்?"
"முதல் முறை, கையில் இருப்பதைக் காட்டும்.
காட்டிக்கொண்டே புதிதை வாங்கிவைக்கும்.
இரண்டாம் முறைதான் அதைப் போட்டுக்கொள்ளும்."
"சட்டையா?"
"சட்டை மாதிரி."

கட்டை விரலை ஏப்ரனில் துடைத்தாள்.
மூடினாள். திறந்தாள்.
புதுப் பெட்டிக்குக் கீழே என் புது வரி:
"நகல் கரையேறியது."
முப்பத்தெட்டு என்று தட்டினாள்.
என் மேஜைக் கணினியில்
முப்பத்தெட்டு வந்து நின்றது.
திருப்பிக் காட்டினேன். பார்த்தாள்.

பிறகு என் காதிலிருந்த பேனாவை உருவி
ஆலையின் ஜன்னல் சட்டத்தில்,
போன மாதம்தான் வெள்ளையடித்த மரத்தில்,
பெரிதாக எழுதினாள்: 38.