ஈரப்பதம்

புதுவயல் மில்லின் இரண்டாம் குடோனில்
மூட்டைகளை மேற்குச் சுவரோடு ஒதுக்கி அடுக்கியபின்
நடுவில் மிஞ்சிய இடத்துக்குப் பெயர் மண்டபம்.
விட்டத்துப் புறாக்களை விரட்ட
காலையிலிருந்து இரண்டு பேர் தகரம் தட்டினார்கள்.
புறாக்கள் போகவில்லை.
சீரியல் பல்புகளுக்கு நடுவே
பெண்வீட்டார் மாதிரி வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

வாசலில் மேசை போட்டு நான்,
மொய் எழுத.
நோட்டு வாங்க மறந்ததால்
நெல் கொள்முதல் பேரேடு.
தேதி, பெயர், ஊர், எடை, ஈரப்பதம்.
எடைக்கு நேரே தொகையைப் போட்டேன்.
கடைசிக் கட்டம் சும்மா கிடந்தது.

கல்யாணம் முடிந்து எழுபது நாளாகிறது.
சாட்சிக் கையெழுத்து மூன்று:
நான், லாரி முத்துக்கருப்பன்,
என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்த ஜெராக்ஸ் கடைக்காரர்.
அதற்கு முன் முப்பது நாள்
பதிவாளர் அலுவலகப் பலகையில்
சவரிநாதன், உமையாள் என்று
தகப்பன் பெயர், தெரு, வயது எல்லாம் போட்டு ஒட்டியிருந்தது.
அவள் சித்தப்பா ஏதோ பத்திரத்துக்காக வந்து
அந்தப் பலகையில் சாய்ந்தபடி
அரைமணி நேரம் போனில் பேசினார்.

மணை இல்லை, கழுத்தூரு இல்லை,
இசைகுடிமானம் எழுத ஆளில்லை.
கையெழுத்து முடிந்ததும்
குமாஸ்தா பேனாவைத் திருப்பிக் கேட்டார்.
ஐந்து பேரும் ரோஸ்மில்க் குடித்தோம்.
மூன்று மணிக்கு அவள் வங்கிக்குப் போய்விட்டாள்.
அறுபதாம் நாள் வீட்டில் சொன்னாள்.
அறுபத்தோராம் நாள்
ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் ஒரு பெட்டியோடு வந்தாள்.

கடனுக்கு ஸ்டாக் எண்ண வந்தவள்தான்.
கறுத்த அரிசியைக் கண்டால் காற்றடித்துத் தள்ளும் மெஷின்
இவன் பொறுப்பு.
"இதுலே கவுனி அரிசியைக் கொட்டினா
ஒண்ணுகூடத் தேறாது மேடம்" என்றான்.
நாற்பத்தோராவது மூட்டையில் எண்ணிக்கை தவறி
முதலிலிருந்து ஆரம்பித்தாள்.
அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இன்றைக்குக் கவுனி அரிசி ஓர் அண்டா நிறைய.
லோடுமேன்கள் குடும்பத்தோடு வந்தார்கள்,
தேவகோட்டையிலிருந்து அவன் அக்காமார் நால்வர்,
வங்கி மேனேஜர், தும்மிக்கொண்டே.
பட்டிலும் வேட்டியிலும் தவிடு படிந்து
எல்லோரும் ஒரே நிறமாகிக்கொண்டிருந்தார்கள்.
அவள் பக்கத்து உறவுக்கென்று போட்ட முப்பது நாற்காலியில்
பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடினார்கள்.
அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே
எல்லாப் படத்துக்கும் சிரித்தாள்.

எட்டரைக்கு ஒரு கார் வந்து
எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்
லாரி எடைமேடைமேல் நின்றது.
என் மேசையில் சிவப்பு எண் எரிந்தது: 1360.
ஒரு கதவு திறந்தது. 1300.

அழகம்மை ஆச்சி தனியாக நடந்து வந்தார்.
கையில் கவர் இல்லை.
மகள் பிறந்ததிலிருந்து பரணில் சேர்த்த சாமான்களில் ஒன்று,
நீலப் பூப்போட்ட எனாமல் தூக்கு.
பரப்பி வைக்கக் கூடம் ஏது?
என் பேரேட்டின்மேல் வைத்தார்.
"இதை என்னன்னு எழுதுவே, ஆத்தா?"
முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.
தூக்கைத் துடைத்தார். மறுபடி முகத்தை.

பதினேழுக்கு மேல் ஈரமிருந்தால்
மூட்டையைத் திருப்பி அனுப்புவது மில் வழக்கம்.
கடைசிக் கட்டத்தில்
இருபத்து மூன்று என்று எழுதினேன்.
ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதி
கையெழுத்தும் போட்டேன்.

உள்ளே யாரோ "அம்மா" என்றார்கள்.
புறாக்கள் ஒருமுறை எழும்பி அமர்ந்தன.
நான் திரும்பிப் பார்க்கவில்லை,
சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
1300.
பந்தி ஒன்று முடிந்து, இலை எடுத்து, அடுத்த பந்தி உட்கார்ந்தது.
1300.
எண் மாறவில்லை.
என்ஜின் சத்தம் மட்டும்
நின்றது.