மேம்பாடு

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
கூரைக்கு மேல் ஒன்று தரையிறங்கும்போது
மைக்ராஸ்கோப் ஒரு நொடி நடுங்கும்.
ஒரு தட்டு சிக்கினாலும் இங்கே சைரன் அலறும்,
நோர்ஹைசா காதைப் பொத்திக்கொண்டு ஓடி வருவாள்.

அண்ணன் லோகேந்திரன் ஓட்டிய விமானத்தில்
வேகத்தைப் பிடித்திருந்த கருவி
ஓசையில்லாமல் உறங்கிப்போனது.
திரையில் நான்கு பச்சை எழுத்து
வேறு நான்கு பச்சை எழுத்தாயிற்று.
அவ்வளவுதான்.

அறிக்கை மூன்றாம் பக்கத்திலேயே தீர்ப்பெழுதிவிட்டது:
விமானி விழிப்பாக இல்லை.
கருவி உறங்கக்கூடும் என்ற சேதி
நூற்றெழுபத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பில்,
எறும்புக்கால் எழுத்தில்.
அவனுக்குக் கொடுத்த கையேட்டில்
அந்த எறும்பும் இல்லை.

நான் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு சில்லிலும்
என் எண் இருக்கும், 4471.
பழுதென்றால் நேரே என் மேசைக்கு வருவார்கள்.
அந்த உறக்கத்தை வரைந்தவருக்கு
எண் உண்டா என்று கேட்டேன்.
வக்கீல் சுகேசன்
ஆறிப்போன காப்பியை
இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தார்.

போன மாதம் அந்த ரகம் முழுவதற்கும்
ஒரு மணியொலி சேர்த்தார்களாம்,
இலவசமாக.
சுற்றறிக்கையில் அதன் பெயர் மேம்பாடு.
அண்ணன் பெயர் பழைய இடத்திலேயே இருக்கிறது.

சைரன்.
மூன்றாம் வரிசையில் தட்டு சிக்கியிருக்கிறது,
போக வேண்டும்.