கால் சுற்று

கையில் பிடித்துப் பார்த்தால்
கணினித் திரையில் கடல் ஆடியது.
இருநூறு மடங்கு காட்டும் கண்ணாடிக்கு
என் நாடித்துடிப்பும் இருநூறு மடங்கு.
பெட்டியோடு வந்த ஸ்டாண்டு
கொசுவத்தித் தட்டைவிடக் கொஞ்சம் உயரம்.
தொட்டால் தலையாட்டும்,
எதற்கும் சரி என்கிற மாப்பிள்ளை மாதிரி.

பாம்பனில் ஐஸ் கம்பெனிக்கு அடுத்த கடை என்னுடையது.
வள்ளத்து ஜி.பி.எஸ்., வயர்லெஸ்,
ஆழம் பார்க்கும் பெட்டி, நனைந்த போன்,
உப்பு உள்ளே போன எதுவும் என்னிடம் வரும்.
"கித்தேரி, பாத்துச் சொல்லு"
என்று வைத்துவிட்டுப் போவார்கள்.
பார்க்கத்தான் முடியவில்லை.

எட்டு எம்.எம். மரைக்கம்பி ஒரு முழம்.
ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மில்லி ஏறும், இறங்கும்.
பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கி ஓட
செத்த பிரிண்டரின் வயிற்றிலிருந்து இரண்டு கம்பி.
திருகுவதற்கு, குக்கர் மூடியின் குமிழ்.
ராத்திரி ஆரோன் மூடியைத் தூக்கிப் பார்த்தான்,
நடுவில் ஓட்டை.
"மரை கழண்டுருச்சா ஒனக்கு?"
"ஆமா, அதத்தான் சரி பண்றேன்" என்றேன்.

பொய்யில்லை.
நட்டுக்கும் கம்பிக்கும் நடுவே
ஒரு மயிரிழை காலியிடம் இருந்தது.
திருகி நிறுத்தினால்
ஒரு நொடி யோசித்துவிட்டுச் சரியும் காட்சி.
இன்னொரு நட்டு போட்டேன்,
இரண்டுக்கும் நடுவே டார்ச் லைட் ஸ்பிரிங்கை
நெருக்கி வைத்தேன்.
அது மேலே தள்ள, இது கீழே தள்ள,
சண்டை ஓயாதவரை இரண்டும் ஆடாது.
ஆரோனிடம் இதை விளக்கவில்லை.

அடிக்கு முதலில் பிளைவுட்.
வாடைக்காற்றில் பத்து நாள்,
அப்பளமாய்ப் பொங்கிவிட்டது.
அப்புறம் இழுவலைப் பலகையில் அறுத்த இரும்பு.
கையை நீட்டி மைக்ராஸ்கோப்பை மாட்டியதும்
மொத்தமும் குப்புற விழுந்தது, என் கட்டைவிரல் மேல்.
நகம் கறுத்த அன்று மதியம் சேசடிமை
வலைக்குப் போக மிச்சமிருந்த ஈயக்குண்டுகளை
ஒரு பால் கவரில் கொண்டுவந்தார்.
ஒன்றரைக் கிலோ. பின்பக்கம் கட்டினேன்.
நின்றது.

அப்போதுதான் ஐஸ் உடைக்கும் மெஷினைப் போட்டார்கள்.
திரை முழுக்கப் பூகம்பம்.
சைக்கிள் டியூபை நாலாய் மடித்து
நாலு மூலைக்கும் கொடுத்தேன்.
முக்கால்வாசி அடங்கியது.
மீதிக்கு டீ குடிக்கப் போய்விடுவேன்.

வேலைக்கு முன்னால்
மேஜை ஓரத்தில் காய்ந்திருந்த
ஒரு பொட்டு வெள்ளையை வைத்துப் பார்த்தேன்.
உப்பு.
சதுரம் சதுரமாக,
தச்சன் அளவெடுத்து அறுத்ததுபோல்.
எத்தனை போர்டைத் தின்றிருக்கிறது!
இவ்வளவு சுத்தமான ஆள் என்று
எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிறகு சேசடிமையின் ஆழப்பெட்டி.
குமிழைக் கால் சுற்று.
மங்கலிலிருந்து மேலெழுந்து வந்தது
கப்பாசிட்டரின் இடது கால்.
பற்றவைத்த இடத்தைச் சுற்றி
கருப்பாய் ஒரு வளையம்,
நகக்கண் அழுக்கை விடவும் மெல்லிசு.
மூன்று மாதமாக நான் விரலால் அழுத்தி
"நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன அதே கால்.

சூடு காட்டினேன். ஈயம் மினுங்கி உருகி அமர்ந்தது.
பெட்டிக்கு உயிர் வந்தது,
எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடு.
"ஒண்ணும் காட்டலையே" என்றார்.
"கடைக்குள்ள தண்ணி இல்லையே மாமா."
காசு பிறகு என்று எடுத்துக்கொண்டு போனார்.

விடியற்காலம் நாலரைக்குப் போன் முனகியது.
இரைச்சல், எஞ்சின், காற்று, அதற்குள் அவர்:
"ஏழு பாகம் காட்டுது. கயிறு விட்டும் பாத்தேன்.
ஏழுதான்."
ஆரோன் புரண்டு படுத்தான்.

காலையில் கடையைத் திறந்தால்
ராத்திரி விட்டுப்போன காட்சி மங்கியிருந்தது.
கவ்வி ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது.
இறுக்கலாம், இல்லை
டியூபுக்குப் பதில் வேறு ஏதாவது.
வாசலில் ஒரு பையன்
ஈரம் சொட்டும் வயர்லெஸ்ஸோடு நிற்கிறான்.
இப்போதைக்கு
கால் சுற்று.