பிரசவ அறை ஒன்பது

சிலோயே தீவில் மழை விடவில்லை.
கட்டி முடித்த ஆஸ்பத்திரியில்
இன்னும் ஒரு நோயாளிகூட இல்லை.

பிரசவ அறை ஒன்பதில்
ரொசௌரா கார்க்கமோ
பூட்ஸ் காலோடு கட்டிலில் படுத்து
அழைப்பு மணியை அழுத்துகிறாள்.
விளக்கு எரிகிறது,
பிணவறையில்.

வாக்கிடாக்கியில் பல்தோமேரோ:
"இங்கே யாரோ கூப்பிடுகிறார்கள்."
சிரிக்கிறான்.
பிறகு சிரிக்கவில்லை.

மூன்று கம்பெனி, மூன்று மென்பொருள்.
கதவும் காற்றுக்குழாயும் மணியும்
முறைத்துக்கொண்ட சம்பந்திகள்;
நடுவில் தூது போய்த்
தேய்ந்தவள் இவள்.

விடியுமுன் திருத்தியது
ஒற்றை இலக்கம்.

மறுபடி அழுத்துகிறாள்.
செவிலியர் மேசையில் பச்சை விளக்கு,
பாலிதீன் பிரிக்காத நாற்காலி.

நான்கு மாடி ஏறி
மூச்சிரைக்க வந்து நிற்கிறான் பல்தோமேரோ:
"என்னம்மா வேண்டும்?"

"தண்ணீர்" என்றாள்,
எழுந்திருக்காமல்.