பள்ளத்துக்கு இலக்கமில்லை

பருத்தித்துறைக் கோட்டின் பின்வளவில்
வேம்புக்குக் கீழே தகரம் போட்ட அறை.
திறப்பு என்னட்டை. பதினாறு வருசம்.
கசிப்புப் பீப்பா, களவெடுத்த மாட்டின் கயிறு,
பிடி கழண்ட கத்தி, ஒற்றைச் செருப்பு,
எல்லாத்துக்கும் ஒரு மட்டைத்துண்டு,
இலக்கம், என்ரை கையெழுத்து.

பங்குனியில் வந்தது சூசைதாசனின்ரை சைக்கிள்.
கரியரில் ரெண்டு உரபாக்,
உள்ளுக்கு மணற்காட்டு மணல்.
வீட்டுத்திட்டத்துக் கக்கூசுக்குப் பூச
இன்னும் ரெண்டு பாக் காணுமெண்டு மேசன் சொன்னவனாம்.
"பெர்மிட் எங்கை?"
"மணலுக்குமோ ஐயா?"
அந்தக் கேள்வியும் முறைப்பாட்டில் இருக்கு,
கடமைக்கு இடையூறு எண்டு.
ஐம்பதாயிரம் தண்டம்.
மனுசியின்ரை தோடு நெல்லியடியில் அடைவு.
சைக்கிளும் மணலும் அரசுடைமை.

அதே கிழமை ஒரு டிப்பர்.
அறைக்குள் கொள்ளாமல் மதிலோரம் விட்டவை.
நான் எழுதின துண்டில் மை காய முன்னம்
பிணைமுறியில் வெளியிலை போட்டுது.
உரிமையாளர் எண்ட இடத்தில் ஒரு கொம்பனி,
கொம்பனிக்குக் கொழும்பில் ஒரு தபாற்பெட்டி.
ஊருக்குப் பேர் தெரியும்.
கோயில் மண்டபக் கல்லில் வெட்டியிருக்கு.

கூண்டில் நிண்டது றைவர் பெடியன்.
ஒரு தவணைக்குச் சட்டத்தரணி வரேல்லை.
பிறகு, பிடிச்ச பொலிஸ்காரன் அம்பாறைக்கு மாற்றம்.
பிறகு கோவையைக் காணேல்லை.
கோவை கிடைச்ச அண்டைக்கு நீதவான் லீவு.

ஒரு ஞாயிறு, மீன் வாங்கவெண்டு வீட்டில் சொல்லிப்போட்டு
மணற்காட்டுக்குப் போனன்.
கும்பி நிண்ட இடத்தில் ஒரு பனைத் தாழ்வு.
சவுக்கு வேரெல்லாம் அந்தரத்தில்.
அடியில் நிண்ட தண்ணியை நாக்கில் வைச்சன்.
உப்பு.
இதுக்கு எந்த இடத்தில் துண்டு கட்டுறது?
எடுத்த மணலுக்கு இலக்கம் இருக்கு,
பள்ளத்துக்கு இல்லை.
அது என்ரை அறைக்குள்ளை கொள்ளாது.

ஐப்பசியில் கட்டளை வந்தது:
சைக்கிள் ஏலத்துக்கு. மணலை அழிக்கவும்.
மணலை எப்பிடி அழிக்கிறது?
எரியாது. உக்காது.
முதலியாரைக் கேட்டன். சிரிச்சார்.

மாரி தொடங்கியிருந்தது.
பாக்கை இறக்கேக்கை முழங்கை பட்டு
சைக்கிள் மணி ஒருக்கா அடிச்சுது.
வாசலில், கார் விடுற இடத்தில், ஒரு வெள்ளக்கிடங்கு.
ரெண்டு பாக்கையும் அதுக்குள்ளை கொட்டி
மட்டமாய் மிதிச்சுப்போட்டு
'அழிக்கப்பட்டது' எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சன்.

அடுத்த தவணைக்கு ஒரு வெள்ளை வாகனம்
சரியாய் அதுக்கு மேலை வந்து நிண்டது.
கட்சிக்காரராய் இல்லை,
நீதவானின்ரை பிரியாவிடைக்கு மாலை கொண்டுவந்தவர்.
இறங்கினார். சப்பாத்து நனையேல்லை.
என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நானும் ஆட்டினன்.